கல்கிசை வீட்டுத் தடாகத்துக்கு விறகு அடுப்பு: கெட்டித்தனமா, விசரா?

சுதன்_கல்கிசை
கொழும்பில் நீச்சல் தடாகத்தைச் சூடாக்கப் போகிறேன் என்றால் சிரிப்பீர்கள். சிரித்து முடித்துவிட்டு வாசியுங்கள்.

அம்மாவுக்கு 74 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. தண்ணீருக்குள் நடக்கிற பயிற்சிதான் நல்லது, ஆனால் தண்ணீர் 33 பாகையாவது இருக்க வேண்டும் என்று பிசியோ சொல்கிறார். அண்ணா கனடாவிலிருந்து காசு அனுப்பிக் கட்டிய சின்னத் தடாகம் ஒன்று வீட்டில் இருக்கிறது. நீளம் 4 மீட்டர், அகலம் இரண்டரை, ஆழம் 1.2. அவர் வந்து குளித்தது ஒரே ஒரு முறை. ஒரு கிழமையாக வெப்பமானியை நூலில் கட்டி இறக்கிப் பார்த்தேன்: காலை 6 மணிக்கு 27.5, மாலை 4 மணிக்கு 29. எங்களுக்கு அது சுகம். அம்மா காலை வைத்ததும் எடுத்துவிடுகிறார்.

திட்டம் இதுதான். ஒரு பழைய எண்ணெய்ப் பீப்பா, உள்ளே பயர் பிரிக்ஸ் (நெருப்பைத் தாங்கும் செங்கல்), முக்கால் அங்குலச் செப்புப் பைப் 20 மீட்டர் சுருளாக. வடிகட்டி மோட்டரிலிருந்து ஒரு கிளை எடுத்துச் சுருளுக்குள் விட்டுத் திரும்பத் தடாகத்துக்குக் கொண்டுவருவது. பின்வளவில் பலா, மா, கிளிசரிடியா வேலி எல்லாம் இருக்கிறது, விறகுக்குப் பஞ்சமில்லை. குறை சொல்லுங்கள்.

ஆறாம்_மாடி
நான் தெஹிவளையில் ஆறாம் மாடியில் இருக்கிறேன். கீழ் வீட்டில் ஒருவர் தினமும் சருகு கொளுத்துவார், நாங்கள் மேலே ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேர்ப்போம். ஊரில் மாட்டுக்குப் புகை போடுவதென்றால் சுற்றிலும் வெளி இருக்கும். கல்கிசையில் மதிலுக்கு மதில் வீடு. உங்கள் அம்மாவின் முழங்காலுக்காக அடுத்த வீட்டுப் பிள்ளையின் நெஞ்சில் வீசிங் வர வேண்டுமா?

பட்டறை_ராசன்
சுதன், சிரிக்கிறவர்களை விடுங்கள். நுவரெலியாவில் ஒரு விருந்தினர் விடுதிக்கு இதே மாதிரி ஒன்று செய்து கொடுத்தேன், வேலை செய்தது. மூன்று விஷயம் மட்டும் சொல்கிறேன்.

எண்ணெய்ப் பீப்பாவை வெட்டுவதற்கு முன் வாய்மட்டும் தண்ணீர் நிரப்புங்கள். உள்ளே மிஞ்சியிருக்கும் ஆவியில் கட்டர் பட்டால் பீப்பாவும் போகும், ஆளும் போகும். அடுத்தது, சுருளைச் சுற்றும்போது பைப்புக்குள் மணலை நிரப்பி இரண்டு முனையையும் அடைத்துக்கொண்டு வளைத்தால் நசியாது. கடைசியாக, தண்ணீரை மெதுவாக ஓடவிட்டுக் கொதிக்கக் கொதிக்க எடுக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். வேகமாக ஓடட்டும். வெளியே வருகிற தண்ணீர் கையில் வெதுவெதுவென்று இருந்தால் போதும். சுருள் குளிர்ச்சியாக இருந்தால்தான் நெருப்பிலிருந்து கூடச் சூட்டை இழுக்கும்.

கணக்கு_ரீச்சர்
தம்பி, அடுப்புக்கு முதல் கணக்கைப் பார்ப்போம். 1,000 லீட்டரை ஒரு பாகை உயர்த்த 1.16 யூனிட் (கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்) வேண்டும். உங்களிடம் 12,000 லீட்டர். 28இலிருந்து 33க்கு 5 பாகை, ஆக 70 யூனிட். நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் 4 யூனிட் அளவு சூடு இருக்கிறது. பீப்பா அடுப்பு அதில் 40 சதவீதத்தைப் பிடித்தாலே பெரிய காரியம். அப்படியென்றால் 44 கிலோ விறகு. முதல் நாளைக்கு மட்டும்.

அதன் பிறகு இரவு வரும். ஒரு லீட்டர் தண்ணீர் ஆவியாகும்போது மற்ற 1,000 லீட்டரிலிருந்து அரைப் பாகைக்கு மேல் சூட்டைப் பறித்துக்கொண்டு போகும். திறந்த தடாகத்தில் சூடு போகிற பெரிய வழி இதுதான். 44 கிலோ எரித்து ஏற்றியதில் ஒன்றிரண்டு பாகை விடிவதற்குள் வானத்துக்குப் போய்விடும். ஓட்டை வாளியில் தண்ணீர் இறைக்கிற கதை. முதலில் ஒரு மூடி வாங்கிப் போடுங்கள். பிறகு கூரையில் கறுப்புப் பைப் விரித்துச் சூரியனை வேலைக்கு வையுங்கள். கொழும்பில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் 5 யூனிட் அளவு வெயில் விழுகிறது. 10 சதுர மீட்டர் விரித்து அதில் பாதியைப் பிடித்தால் தினமும் 25 யூனிட். புகையும் இல்லை, சாம்பலும் இல்லை.

பட்டறை_ராசன்
ரீச்சர், உங்கள் சூரியன் ஒக்டோபர், நவம்பரில் எங்கே இருப்பார்? பின்னேரம் இரண்டு மணிக்கு வானம் கறுத்தால் அன்றைக்கு அவ்வளவுதான். மழைக்குத்தான் முழங்கால் கூட நோகும். நெருப்பு மழைக்கும் எரியும்.

கணக்கு_ரீச்சர்
மழையில் நனைந்த விறகும் எரியுமா?

தேயிலை_பொயிலர்
ரீச்சரின் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். 31 வருடம் மலையகத்தில் தேயிலைத் தொழிற்சாலைகளில் இருந்தேன். கொழுந்து உலர்த்தும் காற்றைச் சூடாக்க விறகுதான் எரிப்போம். பச்சை விறகில் பாதி எடை தண்ணீர். அந்தத் தண்ணீரை விரட்டவே சூடு செலவாகும், காய்ந்த விறகில் கிடைப்பதில் பாதிதான் மிஞ்சும், புகையும் கூட வரும். ஆறாம் மாடிக்காரர் திட்டுகிற புகை பெரும்பாலும் ஈர விறகின் புகைதான். கிளிசரிடியாவை இன்றைக்கு வெட்டி நாளைக்கு வைக்க முடியாது. பிளந்து, கூரைக்குக் கீழே, காற்றுப் போக அடுக்கி, மாதக்கணக்கில் விட வேண்டும்.

ஆனால் என் கவலை புகை இல்லை. தம்பி, உங்கள் தடாகம் நிலத்துக்குள் இருக்கிறதா, மேலே இருக்கிறதா?

சுதன்_கல்கிசை
நிலத்துக்குள் ஐயா. ஏன்?

தேயிலை_பொயிலர்
சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். அடுப்பு தடாகத்தை விடத் தாழ்வாக இருந்தால் மோட்டர் இல்லாமலே சுற்றும். உங்களுடையதில் அடுப்பு மேலே, தண்ணீர் கீழே. மோட்டர் நின்றால் ஓட்டமும் நிற்கும். சுருளுக்குள் அகப்பட்ட தண்ணீர் என்ன செய்யும்? நீராவியாகும். தண்ணீர் நீராவியானால் 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். எங்காவது ஒரு வால்வு மூடியிருந்தால் அது குண்டு. மூடாவிட்டாலும் பிளாஸ்டிக் பைப் தாங்காது, சாதாரண பிவிசி 60 பாகை தாண்டினாலே இளகிவிடும்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். அது பழைய கதை என்றால், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு நாட்டையே இருட்டாக்கியதே! உங்கள் அம்மா தண்ணீருக்குள் நிற்கும்போது அந்தக் குரங்கு வந்தால்?

ராசன், நுவரெலியாவில் உங்களுக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லையா?

பட்டறை_ராசன்
நடந்தது. மறைக்கவில்லை, கேட்காததால் சொல்லவில்லை.

இரவு எட்டு மணி இருக்கும், நெருப்பு நன்றாகப் பிடித்திருந்த நேரம். கரண்ட் போனது. ஒரு நிமிடம் அமைதி. பிறகு பீப்பாவுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி டக், டக், டக். எனக்கு விளங்கிவிட்டது, ஓடி வந்து கொள்ளிகளை வெளியே இழுக்கத் தொடங்கினேன். அதற்குள் பிவிசி எல்போ (பைப்பின் வளைவு மூட்டு) ஒன்று இளகித் தொங்கி, மெழுகுதிரி மாதிரி வளைந்து, கழன்று விழுந்தது. அந்தத் துவாரத்தால் நீராவி சீறிக்கொண்டு எதிர்ச் சுவரில் அடித்தது. அந்தப் பக்கம் ஆள் நிற்காதது கடவுள் புண்ணியம். அடுத்த நாள் போய் அடுப்பிலிருந்து இரண்டு மீட்டருக்கு இரும்புப் பைப் போட்டேன், உயரத்தில் 200 லீட்டர் தொட்டி வைத்தேன், மோட்டர் நின்றால் அந்தத் தண்ணீர் சுருளுக்குள் இறங்குகிற மாதிரி. அதன் பிறகு பிரச்சினை இல்லை. ஒரு விபத்துக்காக முழு யோசனையையும் தூக்கிப் போட வேண்டுமா ஐயா?

தேயிலை_பொயிலர்
தூக்கிப் போடச் சொல்லவில்லையே. நெருப்பையும் சுருளையும் நேராகச் சந்திக்க விடாதீர்கள் என்கிறேன்.

பழைய தேத்தண்ணிக் கடைகளில் செப்பு பொயிலர் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒரு குழாய், அதற்குள் கரி, சுற்றிலும் தண்ணீர். அதே வேலைதான். பீப்பாவில் தண்ணீரை நிரப்பி, நடுவால் புகைக்குழாயை விடுங்கள், நெருப்பு கீழே. தடாகத்துத் தண்ணீர் போகும் சுருள் அந்தப் பீப்பாத் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கட்டும். பீப்பாவின் வாய் திறந்திருக்க வேண்டும், மூடி போட்டு இறுக்கக் கூடாது. கரண்ட் போனால் பீப்பாத் தண்ணீர் 100 பாகையில் கொதித்து ஆவியாகும், அவ்வளவுதான். வெடிக்க அழுத்தமே இல்லை. சுருளின் இரண்டு முனைக்கும் மட்டும் உலோகப் பைப் போடுங்கள், தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டறை_ராசன்
அப்படியென்றால் முதலில் 200 லீட்டரைச் சூடாக்கிவிட்டுத்தானே தடாகத்துக்குப் போக வேண்டும். அரை மணித்தியாலம் வீண். என் சுருள் பத்து நிமிடத்தில் வேலை தொடங்கும்.

தேயிலை_பொயிலர்
அந்த அரை மணித்தியாலத்தில் ஒரு தேத்தண்ணி குடிக்கலாம். அந்தச் சூடும் வீண் இல்லை, நெருப்பு அணைந்த பிறகும் மோட்டர் ஓடினால் அது தடாகத்துக்குத்தான் போகும்.

இன்னொன்று, செப்பு. தடாகத்து குளோரின் தண்ணீரில் பிஎச் (அமிலம் எவ்வளவு என்று காட்டும் அளவு, குறைந்தால் அமிலம் கூடும்) 7க்குக் கீழே இறங்கினால் அது செப்பை அரிக்கும். தண்ணீர் பச்சையாகும், சீமெந்து கறை பிடிக்கும், அண்ணா கனடாவிலிருந்து வந்து கேட்பார். பிஎச் 7.2க்கும் 7.6க்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். குளோரினை அடுப்பைத் தாண்டிய பிறகு சேருங்கள். எவர்சில்வர் போடலாம் என்று கடையில் சொன்னால் 304 என்ற ரகத்தை வாங்காதீர்கள், சூட்டிலும் குளோரினிலும் பொத்தல் விழும். 316 பரவாயில்லை, விலைதான் பயங்கரம்.

ஆறாம்_மாடி
எல்லோரும் குழாயைப் பற்றியே பேசுகிறீர்கள். எத்தனை மணிக்குக் கொளுத்துவதாக உத்தேசம்? அம்மாவின் பயிற்சி காலையில் என்றால் விடியப் புறமாகத்தான் கொளுத்த வேண்டும். அந்த நேரம் கடல் காற்று இராது. புகை மேலே போகாமல் ஓட்டு மட்டத்தில் படுத்திருக்கும். துறைமுகத்தில் சாமான் அடுக்குகிற பலகைத் தட்டுகள் மலிவு என்று யாராவது கொண்டுவந்து தந்தால் அதையும் எரிப்பீர்கள். எம்.பி. (MB) என்று முத்திரை இருந்தால் அது மெத்தில் புரோமைட் என்ற நச்சு வாயுவால் புகையூட்டிய பலகை என்றாவது தெரியுமா?

பட்டறை_ராசன்
முத்திரை தெரியும். எச்.டி. (HT) என்றால் சூட்டில் பதப்படுத்தியது, அதை எரிக்கலாம். பெயின்ட் அடித்ததையும் மருந்து ஏற்றிய கம்பங்களையும் நான் தொடுவதில்லை. சிலதில் ஆர்செனிக் இருக்கிறது.

சுதன்_கல்கிசை
இரண்டு கிழமை கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ரீச்சர் சொன்னபடி முதலில் மூடி. குமிழி வைத்த நீலப் பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றை அளவுக்கு வெட்டி, குமிழிப் பக்கம் கீழே இருக்கப் போட்டேன். முதல் நாள் மாலை 29, மறுநாள் காலை 28.7. முன்பு ஒன்றரைப் பாகை குறையும், இப்போது 0.3. நான்கு நாள் வெயில் விழுந்தது, ஐந்தாம் நாள் மாலை 31. விறகு ஒரு சுள்ளிகூட எரியவில்லை.

அம்மா இறங்கிப் பார்த்துவிட்டு, "ஆறின தேத்தண்ணி மாதிரி இருக்கு" என்றார். பாராட்டா, குறையா என்று தெரியவில்லை.

கணக்கு_ரீச்சர்
சொன்னேனா?

பட்டறை_ராசன்
31தானே. 33 இல்லையே. அதுவும் வெயில் இருந்தபடியால்.

கணக்கு_ரீச்சர்
சரி, மிச்சம் 2 பாகைக்கு 28 யூனிட். உங்கள் அடுப்பே என்று வைத்தாலும் 18 கிலோ விறகு. 44 எங்கே, 18 எங்கே? கறுப்புப் பைப் விரித்தால் அந்த 18உம் தேவையில்லை.

சுதன்_கல்கிசை
பைப் விரிக்கக் கூரையில் இடமில்லை ரீச்சர், தண்ணீர்த் தாங்கியும் அன்டெனாவும் பிடித்துவிட்டன. பீப்பா வாங்கிவிட்டேன். பொயிலர் ஐயா சொன்ன தேத்தண்ணிக் கடை முறைதான். ராசன் அண்ணை, நடுக்குழாயை நீங்கள்தான் வெல்ட் பண்ணித் தர வேண்டும், கோபிக்கக் கூடாது. விறகு பிளந்து கராஜ் ஓரம் அடுக்கியிருக்கிறேன், தை மாதத்துக்குப் பிறகுதான் பற்றவைப்பேன். மழைநாளுக்கு மட்டும்.

பட்டறை_ராசன்
கோபம் இல்லை. ஞாயிறு கொண்டுவாருங்கள். ஆறு அங்குலக் குழாய், அதற்குக் குறைந்தால் புகை வாயாலேயே திரும்பி வரும்.

ஆறாம்_மாடி
பக்கத்து வீட்டில் கேட்டீர்களா?

சுதன்_கல்கிசை
கேட்டேன். சிங்கள அன்ரி, எங்கள் மதிலோடு ஒட்டித்தான் அவர் உடுப்புக் காயப் போடுகிற கொடி. சனிக்கிழமை கொளுத்தக் கூடாது, அன்றைக்குத்தான் பெட்ஷீட் தோய்ப்பாராம். மற்ற நாட்களில் பரவாயில்லை என்றார். போகும்போது, தண்ணீர் எத்தனை மணிக்குச் சூடாகும் என்று கேட்டார். அவருக்கும் முழங்கால்தான்.