உப்பிப்போன பாக்கெட்

நல்ல பொருள் தானாக விற்கும் என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. எங்களுக்கு விற்கவில்லை. பெங்களூர் எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் நானும் ஒரு வேலூர் அக்காவும் சேர்ந்து இட்லி மாவு கம்பெனி தொடங்கினோம். அக்கா கைப்பக்குவம், குறை சொல்ல முடியாத மாவு. ஆனாலும் முதல் ஆறு மாதம் தினம் 30 பாக்கெட் போனாலே பெரிய விஷயம். 2005-லேயே இதே ஊரில் கிளம்பிய ஐடி ஃப்ரெஷ் கம்பெனியின் மாவே கடை ஃப்ரிட்ஜில் இருக்கும்போது எங்களை யார் தேடி வருவார்கள்?

விளம்பரம் என் பொறுப்பு. போன ஏப்ரலில் ஒரு ஃபுட் விலாகருக்கு 20,000 ரூபாய் கொடுத்து ரீல் போட்டோம். சனி ராத்திரி போட்டது, ஞாயிறு காலைக்குள் 410 ஆர்டர்! எங்கள் டில்டிங் கிரைண்டருக்கு ஒரு நாளில் 150 பாக்கெட்தான் தாங்கும். “ஆர்டரை மூடிடு தம்பி” என்றார் அக்கா. நான் கேட்கவில்லை.

கிரைண்டரை நிறுத்தாமல் ஓட்டினோம். கல் சூடேறினால் மாவும் சூடேறும். உளுந்து பொங்காது, புளிப்பு முந்திக்கொள்ளும். அக்கா ஐஸ் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பார்த்தார். போதாக்குறைக்கு டெலிவரி வண்டி சில்க் போர்டு டிராஃபிக்கில் முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றது. புளிக்கிற மாவு கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும், நல்ல குளிரில்தான் கொஞ்சம் அடங்கும். பெட்டியில் வைத்த ஐஸ் எல்லாம் அதற்குள் தண்ணீர்.

பெல்லந்தூரில் ஒரு பாட்டி பாக்கெட்டை வாங்கிக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். பூரி மாதிரி உப்பியிருந்தது. என் கண் முன்னாலேயே முனையைக் கத்தரித்தார். புஸ்ஸென்று காற்று, அப்புறம் அந்தப் புளித்த வாடை. “மாவுதானேப்பா கேட்டேன்” என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

160 பேருக்குப் பணத்தைத் திருப்பினோம். அது போகட்டும். பழைய 30 வீட்டில் ஒன்பது வீடு நின்றுபோனது, அதுதான் இன்னும் உறுத்துகிறது. ரீல் பார்த்து வந்தவர்கள் அல்ல, ஒன்றுமில்லாத நாளில் வாங்கியவர்கள்.

இப்போது 150 ஆனதும் ஆர்டரை மூடிவிடுகிறோம். போன வாரம்தான் இரண்டாவது கிரைண்டர் வந்தது. தெரிந்த மாதிரி அந்த விலாகரும் கூப்பிட்டார், வியாழக்கிழமை இன்னொரு ரீல் போடலாமா என்று. நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு அக்காவைப் பார்த்தேன்.

“வியாழன் வேண்டாம். அன்னைக்குப் பழைய கல்லைக் கொத்த ஆள் வருது.”