ஹெல்மெட் இன்டர்காமில் கேமராவும் இருந்தால்: சாலை அனுபவங்கள்

இந்தக் கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் தங்கள் ஊர்களிலிருந்து எழுதிய அனுபவங்கள் இவை.

கோயம்புத்தூரிலிருந்து

ஓட்டிக்கொண்டே உடன் வருகிறவர்களோடு பேச உதவும் இன்டர்காமும் கேமராவும் ஒரே கருவியாக ஹெல்மெட்டில் பொருத்தக் கிடைக்கின்றன என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "படம் தெளிவாக இருக்குமா?" என்பதுதான். தென்கொரியாவின் சேனா நிறுவனத்தின் 10சி வரிசையை எடுத்துக்கொண்டால், 10சி புரோ 1440பி தரத்தில் நொடிக்கு 30 பிரேம்கள் எடுக்கும். 10சி ஈவோ அதைவிடத் தெளிவான 4கே வரை போகும். படம் மட்டும்தான் வேண்டும் என்றால் இதைவிட நல்ல தனிக் கேமராக்கள் கடைகளில் நிறையவே இருக்கின்றன. நான் இதை விடாமல் வைத்திருப்பது குரலுக்காக. நாம் பேசுவதும், உடன் வருகிறவர்கள் இன்டர்காமில் சொல்வதும் படத்தோடு சேர்ந்தே பதிவாகின்றன. தனிக் கேமராவை ஹெல்மெட்டின் மேலே ஒட்டிக்கொண்டு வேகமாகப் போனால் பதிவில் மிஞ்சுவது பெரும்பாலும் காற்றின் இரைச்சல்தான்.

குரல் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை வால்பாறைச் சாலை எனக்குக் காட்டியது. ஆழியாறிலிருந்து மேலே போக 40 கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் குழுவில் முன்னால் போகிறவர் வயதில் மூத்தவர், எல்லோருக்கும் அவர் அண்ணா. கடைசி வண்டி என்னுடையது, பின் இருக்கையில் என் மனைவி. ஒரு வளைவை நெருங்கும்போது காதில் அண்ணாவின் குரல் கேட்டது: "பஸ் இறங்குகிறது. நில்." அவ்வளவுதான் சொன்னார். எங்களுக்கு முன்னால் இருந்த தம்பி வண்டியை இடது ஓரம் ஒதுக்கிக் காலை ஊன்றிவிட்டான். நானும் நிறுத்திவிட்டேன். சாலை காலியாகவே தெரிந்தது. பிறகு ஹாரன். அதன் பிறகுதான் பஸ்ஸின் முகப்பு வெளியே வந்து, நாங்கள் போயிருக்க வேண்டிய இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டு திரும்பியது. மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் வாகனம் ஓட்டும் விதிமுறைகள் சொல்கின்றன. விதி எதுவாக இருந்தாலும் அவ்வளவு நீளமான வண்டி அந்த வளைவின் அகலம் முழுவதையும் எடுத்தால்தான் திரும்ப முடியும். ஓட்டுநர் மேல் ஒரு குறையும் இல்லை.

அன்று இரவு தங்கிய இடத்தில் பதிவைப் போட்டுப் பார்த்தோம். பஸ் தெரிவதற்கு வெகு முன்பே எச்சரிக்கை வந்துவிட்டது என்பது படத்திலேயே தெரிந்தது. அதைவிட முக்கியமான இன்னொன்றும் தெரிந்தது. அண்ணா முன்னால் போகும்போது வந்த எச்சரிக்கைகள் இரண்டு மூன்று சொற்களில் முடிந்திருந்தன. தம்பி முன்னால் போனபோது, "அண்ணா, இங்கே கொஞ்சம் பார்த்து வாருங்கள், சாலையில் ஏதோ கொட்டிக் கிடக்கிறது, மணல்போலத் தெரிகிறது" என்று நீண்டுகொண்டே போனது. அவன் முடிப்பதற்குள் எங்கள் வண்டிகள் அந்த மணலுக்கு வந்துவிட்டன. அன்றைக்கே சில சொற்களை முடிவு செய்துகொண்டோம். "மணல் இடம்", "எண்ணெய் நடு", "மாடு வலம்", "பஸ்". முதலில் பொருள், அடுத்து அது எந்தப் பக்கம், வேறு எதுவும் கிடையாது. இந்தப் பழக்கம் எங்களுக்கு எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை, எங்கள் குரலை நாங்களே திரும்பக் கேட்டதில் வந்தது.

இன்னொரு பாடமும் அதே பதிவில் இருந்தது. எங்கள் இன்டர்காம் பேசுவது புளூடூத் வழியாக, அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்குவது. திறந்த வெளியில் ஒரு மைல் வரை எட்டும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் நடுவில் பாறை வந்துவிட்டால் குரல் உடைந்துவிடும். வளைவைத் தாண்டி மறுபக்கம் போன பிறகு முன்னால் போகிறவர் சொல்லும் எச்சரிக்கை, எப்போது மிகவும் தேவையோ அப்போதுதான் வந்து சேராது. ஆகவே வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே, மேல் சாலையைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். வால்பாறைச் சாலையில் பல வளைவுகளில் மேலே வருகிற வண்டி முன்கூட்டியே தெரியும், பார்க்கிற பழக்கம்தான் வேண்டும்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: இந்த வகைக் கருவிகள் பெரும்பாலும் ஹெல்மெட்டின் இடப்பக்கம் பொருத்துபவை. நமக்கு எதிர் வண்டி வருவதும், முந்துகிற வண்டி வருவதும் வலப்பக்கம். நேராகப் பார்த்து ஓட்டும்போது ஹெல்மெட்டின் முகப்பே படத்தின் வல ஓரத்தைக் கொஞ்சம் மறைத்துவிடும். பொருத்திய பின் வீட்டு வாசலிலேயே ஒரு பதிவு எடுத்து, வல ஓரம் எவ்வளவு தெரிகிறது என்று பார்த்து, லென்ஸையும் கருவியைப் பிடித்திருக்கும் கிளாம்பையும் சரிசெய்து கொள்ளுங்கள்.

சேலத்திலிருந்து

கோவை நண்பர் குரலைப் பற்றி எழுதியதைப் படித்ததும் என் விபத்தை எழுதியாக வேண்டும் என்று தோன்றியது. குரல் எனக்கு உதவியும் செய்தது, எதிராகவும் திருப்பப்பட்டது.

ஓமலூர் பக்கம் நான்குவழிச் சாலையில் இடது தடத்தில் போய்க்கொண்டிருந்தேன். தம்பி இன்னொரு வண்டியில் எனக்குப் பின்னால். வலது தடத்தில் இருந்த கார் இண்டிகேட்டர் போடாமல் என் தடத்துக்குள் வந்து, வண்டியின் பக்கப் பெட்டியில் உரசியது. விழுந்தேன். தோள்பட்டை எலும்பு முறிந்தது. கார் ஓட்டியவர் காவல் நிலையத்தில் சொன்னது, நான் இடப்பக்கம் புகுந்து முந்த முயன்றேன் என்று.

பதிவில் எல்லாம் இருந்தது. தலையோடு திரும்பும் கேமரா என்பதால் நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதும் அதிலேயே தெரிந்தது. உரசுவதற்குச் சற்று முன் என் தலை வலதுபுறக் கண்ணாடியின் பக்கம் திரும்பி, மீண்டும் முன்னால் வருகிறது. காரின் முன் சக்கரம் வெள்ளைக் கோட்டின் மேல் ஏறுவது அடுத்த பிரேம்களில் வருகிறது. இண்டிகேட்டர் எரியவில்லை. காவல் நிலையத்தில் என் பேச்சை நின்று கேட்டது அதைப் பார்த்த பிறகுதான்.

ஆனால் இழப்பீட்டு வழக்கு வந்தபோது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடித்துக்கொண்டது படத்தை அல்ல, குரலை. விழுவதற்கு முன் நானும் தம்பியும் சாப்பிட எங்கே நிறுத்தலாம் என்று பேசிக்கொண்டு வந்தது தெளிவாகப் பதிவாகியிருந்தது. கவனம் சிதறி ஓட்டினார் என்பது அவர்கள் வாதம். என் வழக்கறிஞர் அதே பதிவை முன்பிருந்து ஓட்டிக்காட்டினார். தம்பி "பின்னால் கார் வேகமாக வருகிறது, அண்ணா" என்று சொல்வதும், நான் "பார்த்தேன்" என்று பதில் சொல்வதும், உடனே தலை கண்ணாடிப் பக்கம் திரும்புவதும் வரிசையாக வந்தன. ஒரு துண்டை மட்டும் வெட்டிக் கொடுத்திருந்தால் அந்த வாதத்துக்குப் பதில் சொல்ல வழியே இருந்திருக்காது.

இதிலிருந்து நான் உறுதியாகச் சொல்வது: விபத்து நடந்தால் முதலில் பதிவை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் சுற்றுப்பதிவில் பழையது அழிந்துகொண்டே போகும். மெமரி கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். காவல் நிலையத்தில் பென் டிரைவில் கேட்டால் நகல் கொடுங்கள், கார்டைக் கொடுக்க வேண்டியிருந்தால் ஒப்புகை எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாக வைக்கச் சான்றிதழ் கேட்கிறது. அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீட்டையும், குறிப்பிட வேண்டும். அதற்கு முன்பிருந்த இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின் கீழ், மூலப் பதிவு உள்ள கருவியையே உரிமையாளர் நேரில் கொண்டுவந்து நிரூபித்தால் சான்றிதழ் தேவையில்லை என்று 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. இரண்டில் எந்த வழியில் போனாலும் மூலக் கார்டு உங்கள் பக்கத்துக்குப் பலம். கருவியின் தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று புறப்படும் முன் பார்த்துவிடுங்கள். தேதி தவறியிருந்தால் முதல் கேள்வியே அதிலிருந்துதான் வரும்.

மதுரையிலிருந்து

நான் தனியாக ஓட்டுகிற பெண். குழுவோடு பேசுவதற்காக இதை வாங்கவில்லை.

தூத்துக்குடியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். எட்டயபுரம் தாண்டி இருட்டத் தொடங்கிய நேரத்தில் ஒரு பைக்கில் இருவர் பக்கத்தில் ஒட்டியே வந்தார்கள். நான் மெதுவாகப் போனால் மெதுவாக, வேகமெடுத்தால் வேகமாக. ஒருவன் கையை நீட்டி என் கைப்பிடியைத் தொடப் பார்த்தான். குரலால் பதிவைத் தொடங்க முடிகிற கருவி அல்ல என்னுடையது, பொத்தானை அழுத்தினேன். அவர்கள் முன்னால் போனபோது வண்டி எண்ணைப் படித்து உரக்கச் சொன்னேன். வண்டியின் நிறம், பின்னால் இருந்தவன் சட்டை, நான் எந்த ஊர்ப் பலகையைத் தாண்டினேன், எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். பிறகு ஹெட்செட் வழியாகவே அக்காவுக்கு அழைப்பு போட்டு, பேச்சை நிறுத்தாமல், ஆளும் வெளிச்சமும் இருந்த பெட்ரோல் பங்க்குக்குள் வண்டியைத் திருப்பினேன். அவர்கள் நேராகப் போய்விட்டார்கள்.

வீட்டில் பதிவைப் பார்த்தபோது எண் பலகை வெறும் வெள்ளைக் கோடாக இழுபட்டிருந்தது. மங்கிய வெளிச்சத்தில், ஓடுகிற வண்டியின் எண்ணை இந்தச் சிறிய லென்ஸ் பிடிப்பதில்லை. என் குரலில் எண் முழுவதுமாக இருந்தது. புகாரில் அதைத்தான் எழுதிக் கொடுத்தேன். அவர்களைக் கண்டுபிடித்து எச்சரித்து அனுப்பியதாகக் காவல் நிலையத்திலிருந்து பிறகு தகவல் வந்தது. பெண்கள் உதவி எண் 181ஐ ஹெட்செட்டின் விரைவு அழைப்பில் போட்டு வைத்திருக்கிறேன். கையுறையைக் கழற்றாமல் அழுத்த முடிகிறதா என்று நிறுத்திய வண்டியில் உட்கார்ந்து பழகிப் பாருங்கள்.

மைக் உதட்டுக்கு அருகில் இருப்பது மிகவும் அவசியம். தாடைப் பக்கம் இறங்கிவிட்டால் காற்று உள்ளே வந்து எண்களை விழுங்கிவிடும். எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து

சுருக்கமாகச் சொல்கிறேன். 2022இல் கேரள மோட்டார் வாகனத் துறை ஹெல்மெட்டில் கேமரா பொருத்துவதற்குத் தடை என்று அறிவித்த சமயத்தில் நான் திருவனந்தபுரம் பக்கம் அடிக்கடி போய்வந்தேன். விபத்தில் தலை மோதும்போது நீட்டிக்கொண்டிருக்கும் பொருள் காயத்தைக் கூட்டும் என்ற கவலையைத்தான் சொன்னார்கள். சோதனையில் ஓர் அதிகாரி நிறுத்தி, இது கேமராவா பேசும் கருவியா என்று கேட்டார். இரண்டும் என்றேன். கழற்றச் சொன்னார். கிளாம்பிலிருந்து அங்கேயே கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன், அதோடு அனுப்பிவிட்டார். பசையால் ஒட்டியிருந்தால் இது நடந்திருக்காது. அவர் சொன்ன கவலையில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஹெல்மெட்டின் ஓட்டில் துளை போட்டுப் பொருத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஹெல்மெட்டுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 4151க்குச் சோதித்தது துளை இல்லாத ஓட்டை.

மீண்டும் கோயம்புத்தூரிலிருந்து

பதிவான பேச்சு சிக்கலாவதைச் சேலம் நண்பர் எழுதியிருந்தார், அது எங்கள் குழுவிலும் வேறு விதமாக வந்தது. பயணம் முடிந்ததும் எல்லோருடைய கார்டையும் வாங்கிப் படத்தைத் தொகுப்பவன் தம்பிதான். ஒருமுறை கார்டைக் கொடுக்கப் போகும்போது என் மனைவி கேட்டாள்: "என்னங்க, பொள்ளாச்சி தாண்டும்போது அப்பாவின் ஆபரேஷனைப் பற்றிப் பேசினோமே, அதுவும் இதில் இருக்கிறதா?" இருந்தது. முழுவதும் இருந்தது. படத்தில் தென்னந்தோப்பும் சாலையும், அதன் மேல் எங்கள் வீட்டு விஷயம். அன்றிலிருந்து பதிவு போடுகிறவர் "பதிவு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும், நிறுத்தினால் "நிறுத்தினேன்" என்று சொல்ல வேண்டும். வெளியே போகும் படத்தில் குரலை முழுவதும் எடுத்துவிட்டு இசை மட்டும் போடுகிறோம். குரலோடு வேண்டுமென்றால் அதில் பேசியிருக்கிற ஒவ்வொருவரும் கேட்டுச் சம்மதிக்க வேண்டும். இது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. பின் இருக்கையில் இருப்பவர் கருவியை வாங்கவில்லை, பொத்தானை அழுத்தவில்லை, ஆனால் அவர் பேச்சும் அதற்குள் போகிறது.

பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று சிலர் கேட்டிருந்தார்கள். பேச மட்டும் என்றால் ஒரு நாள் தாராளமாகத் தாங்கும். படம் எடுக்கத் தொடங்கினால் மணிக்கணக்கு வெகுவாகச் சுருங்கிவிடும். நாள் முழுவதும் படம் வேண்டும் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். நாங்கள் மலையேற்றத்துக்கும் நகர நெரிசலுக்கும் மட்டும் பதிவைப் போடுகிறோம். சித்திரை வெயிலில் ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். கறுப்புப் பிளாஸ்டிக்குக்குள் இருக்கும் லித்தியம் பேட்டரிக்கு அந்தச் சூடு ஆகாது. கையோடு உள்ளே எடுத்துப் போய்விடுங்கள்.

மூன்று நான்கு பேருக்கு மேல் போகிறவர்கள் மெஷ் வகையைப் பாருங்கள். பழைய புளூடூத் முறையில் ஒருவரோடு ஒருவர் வரிசையாக இணைகிறார்கள், நடுவில் ஒருவர் பின்தங்கினால் அவருக்குப் பின்னால் இருப்பவர்களும் அறுந்துவிடுவார்கள். மெஷ்ஷில் ஒருவர் விலகினாலும் மற்றவர்களின் கருவிகள் தாமாகவே வேறு வழியில் இணைந்துகொள்ளும். கார்டோ என்ற இன்டர்காம் நிறுவனம் 2015இல் பேக்டாக் என்ற கருவியில் இதைக் கொண்டுவந்தது, சேனா 2018இல் 30கே என்ற கருவியில். எங்கள் கருவிகள் பழைய வகை என்பதால் நாங்கள் நான்கு பேரோடு நிற்கிறோம், ஐந்தாவது வண்டி வந்தால் இரண்டு குழுவாகப் பிரிந்துவிடுகிறோம்.

மதுரைச் சகோதரி எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லச் சொன்னதை எங்கள் குழுவில் சொல்லிவிட்டேன். அண்ணா ஓட்டிக்கொண்டே எதிர் வண்டிகளின் எண்களை அப்படிச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதம் கொல்லிமலைக்குப் போகிறோம், 70 வளைவுகள். மழை நேரத்தில் லென்ஸில் நீர் தங்காமல் இருக்க யாராவது ஏதாவது செய்து பார்த்திருந்தால் அதற்குள் எழுதுங்கள்.