புதுப்பிப்பு: ‘டிக்’ சத்தத்தோடு நின்ற ஸ்டார்ட்டர் திருந்திவிட்டது

அப்பாவின் காரில் திறப்பைத் திருகினால் ஒரு ‘டிக்’ மட்டும், எஞ்சின் சுற்றவில்லை என்று போன கிழமை எழுதியிருந்தேன். பலர் பற்றரியை மாற்றச் சொன்னீர்கள். முதலில் மீற்றர் வைத்துப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட், திருகும்போது 12.4. ஸ்டார்ட்டரின் (எஞ்சினை முதலில் சுற்றிவிடும் மோட்டர்) தடித்த வயர் முனையிலும் அதேதான். மோட்டர் மின்னை இழுத்திருந்தால் 10, 11க்காவது இறங்கியிருக்கும். ஆக, மின் ஸ்டார்ட்டர் வரை வருகிறது, பிழை அதற்குள்தான்.

பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு (இதை மட்டும் மறக்காதீர்கள், அந்தத் தடித்த வயரில் எப்போதும் மின் இருக்கும்) ஸ்டார்ட்டரை இறக்கினேன். சொலினொயிட் (மோட்டருக்கு மின்னை இணைத்துவிடும் சுவிட்ச்) மூடியைத் திறந்தால், செப்புத் தொடுமுனைகளில் ஒன்று பாதி தேய்ந்து கருகியிருந்தது. கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் பழையதைக் காட்டி ஒரு சோடி வாங்கிப் போட்டேன். காபன் பிரஷ் (மோட்டரின் சுழலும் பகுதிக்கு மின்னைக் கொடுக்கும் கரித்துண்டு) தேயாமல் நீளமாகவே இருந்தது, தொடவில்லை.

இன்று காலை மழையிலும் முதல் திருகலிலேயே எடுத்தது. அப்பாவின் கார், அவ்வளவு சந்தோஷம்.