ரிஃப்ளக்ஸ் உள்ள பிள்ளைக்குத் தினமும் ராத்திரி மருந்து கொடுக்கத்தான் வேண்டுமா?

பாம்பன் அம்மா:
மகளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. கடந்த எட்டு மாதத்துக்குள் இரண்டு தடவை காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று. முதல் தடவை சும்மா வைரஸ் காய்ச்சல் என்று நினைத்து விட்டுவிட்டோம், நாலாம் நாள் யூரின் கல்ச்சர் (மூத்திரத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) எடுத்த பிறகுதான் ஈ.கோலை என்ற கிருமி என்று தெரிந்தது. அப்புறம் மதுரைக்குக் கூட்டிப்போய் எம்.சி.யூ. (மூத்திரப் பைக்குள் மருந்து ஏற்றி, மூத்திரம் போகும்போது எடுக்கும் எக்ஸ்ரே) எடுத்ததில் வலது பக்கம் மூன்றாம் கிரேடு ரிஃப்ளக்ஸ், அதாவது மூத்திரப் பையில் இருந்து சிறுநீர் மறுபடி மேலே கிட்னிப் பக்கமே ஏறுகிறதாம். ஒரு வருஷமாவது தினமும் ராத்திரி கொஞ்சமாக ஆன்டிபயாடிக் சிரப் கொடுக்கச் சொன்னார் டாக்டர். மாமியாரோ பச்சைப் பிள்ளைக்குத் தினமும் மருந்தா என்று பாட்டிலை ஒளித்துவைக்கிறார், வீட்டுக்காரர் கடலுக்குப் போய்விட்டால் அவரிடம் பேச ஆளில்லை. போதாததற்கு நாத்தனார் மகன், இந்த மருந்தால் கிட்னிக்குப் பிரயோஜனமே இல்லை என்று அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்து சொல்லிவிட்டார்கள் என்கிறான். உண்மையா?

மருந்துக்கடை தம்பி, தேவிபட்டினம்:
அக்கா, அவன் சொன்னது பாதி உண்மை. 2014ல் வந்த ‘ரிவர்’ என்ற ஆய்வைத்தான் சொல்கிறான். ரிஃப்ளக்ஸ் உள்ள 607 குழந்தைகள், எல்லாரும் ஆறு வயதுக்குள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி சிரப், இரண்டு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து குடித்த 302 பேரில் 39 பேருக்குத் தொற்று திரும்பியது, குடிக்காத 305 பேரில் 72 பேருக்கு. கிட்னியில் தழும்பு விழுந்தது மட்டும் குடித்தவர்களில் 11.9 சதவீதம், குடிக்காதவர்களில் 10.2 சதவீதம், அதாவது பெரிய வித்தியாசம் இல்லை. பையன் இந்தக் கடைசி வரியை மட்டும் படித்திருக்கிறான்!

இன்னொரு பக்கமும் உண்டு. மருந்து குடித்தும் ஈ.கோலை திரும்ப வந்தவர்களில் 63 சதவீதத்தினருக்கு அந்தக் கிருமி அதே மருந்துக்கு அடங்கவில்லை, போலி சிரப் குடித்தவர்களில் இது 19 சதவீதம்தான். ஆனால் காய்ச்சலோடு தொற்று வந்த பிள்ளைகளுக்கும், மலச்சிக்கல், மூத்திரத்தை அடக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும் மருந்து நன்றாகவே கைகொடுத்தது. டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேன் எடுத்தார்களா? தழும்பு இருக்கிறதா என்று அதில்தான் தெரியும். நான் டாக்டர் இல்லை, அவரைக் கேட்காமல் பாட்டிலை நிறுத்தவும் வேண்டாம்.

கீழக்கரை உம்மா:
தங்கச்சி, பிள்ளைக்கு வெளிக்கு ஒழுங்காகப் போகிறதா? என் மகளுக்கு இரண்டாம் கிரேடு, மூன்று தடவை தொற்று வரும்வரை யாருமே இதைக் கேட்கவில்லை. நாலாவதாகப் பார்த்த டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு ‘எத்தனை நாளாகப் போகவில்லை’ என்றார், எனக்குப் பதில் தெரியவில்லை. இறுகிப்போன மலம் மூத்திரப் பையை நெருக்குமாம், பை முழுசாகக் காலியாகாமல் தங்குவதில்தான் கிருமி வளருமாம். நம் பக்கம் காவிரித் தண்ணீர் வராத நாளில் குடம் விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது, போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று பிள்ளைகள் வாயில் வைப்பதில்லை. பள்ளிக்கூடத்துக் கக்கூஸைப் பார்த்துவிட்டு வீடு வரும்வரை அடக்கிக்கொண்டு வருவாள் என் மகள். பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு, மத்தியானத்துக்குள் இந்தக் கோடு வரை குடிக்கணும் என்று அனுப்பினேன். காலையில் சாப்பிட்ட கையோடு பத்து நிமிஷம் உட்காரவைத்தேன், கால் தொங்காமல் இருக்கக் கீழே ஒரு மணைக்கட்டை. மருந்தும் கொடுத்தோம், அதனால் எது வேலை செய்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

லேப்காரன்:
ஒரே ஒரு விஷயம், அடுத்த தடவை காய்ச்சல் வந்தால் நாலாம் நாள் வரை இருக்காதீர்கள். 482 குழந்தைகளின் விவரத்தை வைத்து 2016ல் ஒரு கணக்குப் பார்த்தார்கள், தழும்பு விழுந்தவர்களுக்கு ஆன்டிபயாடிக் தொடங்குமுன் காய்ச்சல் இருந்தது நடுவாக 72 மணி நேரம், விழாதவர்களுக்கு 48. ஆக, சளி இருமல் இல்லாமல் காய்ச்சல் அடித்தால் முதல் நாளே யூரின் பாருங்கள். கழுவிவிட்டு நடுவில் வருகிற மூத்திரத்தைப் பிடியுங்கள், ஆன்டிபயாடிக் முதல் டோஸுக்கு முன்னால். மத்தியான வெயிலில் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் வந்த சாம்பிளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன், வழியிலேயே கிருமி பெருகி கல்ச்சரே குழம்பிவிடும். மூடியை இறுக்கி, ஐஸுக்குள் வைத்துக் கொண்டுவாருங்கள். பாம்பனில் ஐஸுக்கா பஞ்சம்?

கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு: ஒட்டுகிற பையில் பிடித்த சாம்பிளை நம்பிக் கல்ச்சர் போடாதீர்கள், தோலில் இருக்கிற கிருமியெல்லாம் அதில் சேரும். தொப்புளுக்குக் கீழே குளிர்ந்த ஈரத் துணியால் வட்டமாகத் தடவிப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளிடம் பார்த்ததில், தடவிய குழந்தைகளில் 31 சதவீதம் பேர் ஐந்து நிமிஷத்துக்குள் மூத்திரம் போனார்கள், தடவாமல் சும்மா காத்திருந்தபோது 12 சதவீதம்தான். பிடிக்க டப்பாவோடு தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பாம்பன் அம்மா:
எல்லாருக்கும் நன்றி. உம்மா, நீங்கள் கேட்டதும்தான் யோசித்தேன், மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் போகிறாள், அதையும் அழுதுகொண்டே. டாக்டரிடம் நான் சொல்லவே இல்லை. டி.எம்.எஸ்.ஏ. எடுக்கவில்லை தம்பி, செவ்வாய்க்கிழமை போகும்போது இரண்டையும் கேட்கிறேன். பாட்டில் கிடைத்துவிட்டது, அரிசிப் பானைக்குள் இருந்தது.