லயத்துக் காம்பராவில் நாய்க்குட்டி: சாப்பாட்டு நேரமும் வெளியே போகும் பழக்கமும், உங்கள் அனுபவம் என்ன?

மஸ்கெலியா பக்கத்திலிருந்து

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளைத்தான் லயம் என்போம். அதில் எங்கள் காம்பராவுக்குக் கறுப்பி வந்து நாலு கிழமை ஆகிறது. ஜூன் மாத மழையில், டவுன் பஸ் தரிப்பிடத்தில் ஒரு மட்டைப் பெட்டிக்குள் இரண்டு பெட்டைக் குட்டிகளை யாரோ விட்டுப் போயிருந்தார்கள். ஒன்று அதற்குள் செத்துவிட்டது. மற்றதைக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு வந்தேன். பல்லைப் பார்த்த டொக்டர், ஏழெட்டுக் கிழமைக் குட்டி என்றார்.

நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன். ஒரு வயது, ஒன்றரை வயதுப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய கை. பால் குடித்த பிள்ளை எவ்வளவு நேரத்தில் முகத்தைச் சுளிக்கும், எப்போது விளையாட்டை விட்டு மூலைக்குப் போய் நிற்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நாய்க்குட்டிக்கும் அதே கணக்குத்தான் என்று புரிந்துகொள்ளத்தான் பத்து நாள் பிடித்தது. அந்தப் பத்து நாளும் குட்டியும் பாவம், அம்மாவும் பாவம்.

முதல் நாள் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். குளிரில் நடுங்கிய குட்டிக்குப் பால்மா கரைத்து, இளஞ்சூட்டில் வைத்தோம். நக்கி நக்கிக் குடித்தது. விடிவதற்குள் 10க்கு 12 அடிக் காம்பராவில் கால் வைக்க இடமில்லாமல் தண்ணியாகப் போய்விட்டது. நாய்ப்பாலைவிட மாட்டுப்பாலில் லாக்டோஸ் அதிகம், குட்டியின் குடல் அதைத் தாங்காது என்று டொக்டர் சொன்னார். கஞ்சியும் அவித்த கோழியும் இரண்டு நாள் கொடுத்தோம், குடற்பூச்சி மருந்தும் கொடுத்தோம், வயிறு கட்டியது. வயிறு கட்டாத குட்டிக்கு எந்தப் பழக்கமும் பழக்க முடியாது, அதனால் இதை முதலில் எழுதுகிறேன்.

இப்போது அவள் சாப்பாடு இதுதான். குழைய வடித்த சோறு, தோலும் எலும்பும் எடுத்த கோழி அல்லது ஒரு அவித்த முட்டை, மசித்த கரட் அல்லது பூசணி. அதோடு குட்டிகளுக்கான பைக்கற் தீன் பாதிக்குப் பாதி. எங்கள் லயத்தில் வெறும் சோறும் பருப்புத் தண்ணியும் குடித்து வளர்ந்த குட்டிகளைப் பார்த்திருக்கிறேன். வயிறு மட்டும் பானை மாதிரி இருக்கும், முன்னங்கால் வளைந்து நிற்கும். வளர்கிற எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அதில் இல்லை. பைக்கற் தீன் விலைதான், ஆனால் கலந்து கொடுத்தால் ஒரு பைக்கற் நாள்கணக்கில் வருகிறது. புதுத் தீனை ஒரேயடியாக மாற்றாமல் ஒரு கிழமையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். நெத்தலிக் கருவாடு போடுவதென்றால் இரண்டு தரம் ஊறவைத்துத் தண்ணியைக் கொட்டிவிட்டுத்தான் போட வேண்டும், அவ்வளவு உப்பு அதில்.

நேரம்தான் முக்கியம். காலை 5.30, 10 மணி, 2 மணி, மாலை 6. நான் பிள்ளைக் காம்பராவுக்குப் போனபிறகு நடுவில் வரும் இரண்டு வேளையையும் அம்மா பார்த்துக்கொள்வார். தட்டு கால் மணி நேரம்தான் தரையில் இருக்கும். தின்றாலும் சரி, மிச்சம் வைத்தாலும் சரி, எடுத்துவிடுவோம். தண்ணீர் மட்டும் பகல் முழுக்க இருக்கும், இரவு எட்டு மணிக்கு மேல்தான் எடுப்போம். ஆரம்பத்தில் பாவம் என்று தட்டை நிரப்பியே வைத்திருந்தோம். அப்போது அவள் எப்போது தின்கிறாள் என்றும் தெரியாது, எப்போது வரும் என்றும் தெரியாது. வேளைக்குப் போட்டால் வேளைக்கு வெளியே வருகிறது. சாப்பிட்டுக் கால் மணியிலிருந்து அரை மணிக்குள் இரண்டுக்குப் போகிறாள். தூங்கி எழுந்தால் உடனே ஒன்றுக்கு. விளையாடி ஓய்ந்தாலும் ஒன்றுக்கு. இவ்வளவையும் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு நாள் காலை இருந்து பார்த்தேன். தட்டை நக்கி முடித்தாள். வாயைச் சாக்கில் துடைத்தாள். என் செருப்பை இழுத்து விளையாடியவள் திடீரென்று அதைப் போட்டுவிட்டு மூக்கைத் தரையோடு வைத்துக்கொண்டு நடந்தாள். நேராக இல்லை, வளைந்து வளைந்து. அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு சுற்று, இன்னொரு சுற்று, வால் கொஞ்சம் தூக்கியது. அந்த இரண்டாவது சுற்றில் தூக்கிக்கொண்டு வெளியே ஓட வேண்டும். மூன்றாவது சுற்று வரைக்கும் நின்றால் தரை துடைக்க வேண்டியதுதான்.

வெளியே என்றால் எங்கே? இதில்தான் நம் மலைநாட்டுக்காரர்களுக்குச் சிக்கல். சமவெளியில் இருக்கிறவர்கள் கதவைத் திறந்துவிட்டால் போதும். இங்கே ஜூன், ஜூலையில் விடாத மழை. குட்டி இஸ்தோப்பு (முன் திண்ணை) விளிம்பு வரைக்கும் வந்து, ஒரு காலை நனைத்துப் பார்த்துவிட்டு, திரும்பி வீட்டுக்குள் ஓடிவந்து அடுப்படியில் போய்விடும். அண்ணன் பழைய தகரம் இரண்டை மரக்கறிப் பாத்தி மூலையில் சாய்த்துக் கட்டிக் கொடுத்தார். கீழே உலர்ந்த மண்ணைக் கொட்டி, அவள் ஒன்றுக்குப் போன பேப்பரில் ஒரு துண்டைக் கிழித்துப் போட்டேன். அந்த மணத்துக்கு அவளே இடம் பிடித்துக்கொண்டாள். போகும்போது “போ கண்ணு, போ” என்று ஒரே சொல்லைத்தான் சொல்வேன். முடித்தவுடன், அந்த இடத்திலேயே ஒரு துண்டு முட்டை. வீட்டுக்குள் வந்தபிறகு கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்குக் கொடுத்ததாக நினைத்துக்கொள்ளும்.

இரவு வேறு கதை. எங்கள் பக்கம் சிறுத்தை நடமாட்டம் உண்டு. தேயிலைக்குள் படுத்திருந்து, விடிகிற நேரம் லயத்துக்குப் பக்கத்திலேயே வந்து நாயைத் தூக்கிக்கொண்டு போகும். சங்கிலியில் கட்டியிருந்த நாயே போயிருக்கிறது. இரண்டு மணிக்கு டோர்ச்சும் குட்டியுமாக மிஸ்ட்டுக்குள் இறங்க நான் தயாரில்லை. இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மணி நேரம் அடக்குவதே பெரிது. மாதத்துக்கு ஒரு மணி நேரம் என்று ஒரு பொதுக் கணக்கு. தூக்கத்தில் கொஞ்சம் கூட. அதனால் ஒரு பழைய பேசினில் அதே தகரத்துக் கீழ் மண்ணை நிரப்பிக் கதவோரம் வைத்தேன். மண் ஒன்றாக இருந்ததால் குழப்பமில்லை. சமைக்கிற இடத்தில் இது என்ன என்று அம்மா இரண்டு நாள் பேசவில்லை. பிறகு பேசினை ஒரு நாளைக்கு ஒரு சாண் நகர்த்தி, இப்போது பலகை அடைத்த இஸ்தோப்புக்குக் கொண்டுபோயாகிவிட்டது.

அம்மா பழைய காலத்து ஆள். போன இடத்தில் மூக்கைத் தேய்த்து இரண்டு போட்டால் சரியாகும் என்பார். ஒரு நாள் நான் இல்லாதபோது விளக்குமாற்றால் போட்டும்விட்டார். அன்றிலிருந்து நாலு நாள் கறுப்பி எங்கள் முன்னால் எங்கேயும் போகவில்லை, வெளியே கொண்டுபோய் நிறுத்தினாலும் போகவில்லை. கட்டிலுக்குக் கீழேயும் மூட்டைக்குப் பின்னாலும் ஒளிந்து போனாள். ஆள் பார்க்கப் போனால் அடி விழும் என்றுதான் அவளுக்குப் புரிந்திருக்கிறது. அம்மாவுக்கே அதைப் பார்த்து மனசு கஷ்டமாகிவிட்டது. இப்போது துணியை எடுத்துத் துடைப்பதோடு சரி.

துடைக்கும்போது ஒன்று. சீமெந்துத் தரையில் வெடிப்பு இருந்தால் மணம் உள்ளே இறங்கிவிடும், நமக்குத் தெரியாது, குட்டிக்குத் தெரியும். வினாகிரியும் தண்ணியும் சமமாகக் கலந்து ஊற்றித் துடைத்து, காய்ந்தபிறகு அப்பச்சோடா தூவிக் கூட்டிவிடுகிறேன். அமோனியா மணம் அடிக்கிற கிளீனர் வேண்டாம். மூத்திரத்திலும் அதே மணம் இருப்பதால் அங்கேயே போகச் சொன்னதாகிவிடும்.

ஒன்று மட்டும் இன்னும் சரிவரவில்லை. வேலை முடிந்து அண்ணன் வந்து குனிந்து தடவினால், அந்த இடத்திலேயே கொஞ்சம் விட்டுவிடுகிறாள். ஐந்து நிமிஷம் முன்னால் வெளியே போய்விட்டு வந்தாலும் இப்படித்தான். யாருக்காவது இந்த அனுபவம் உண்டா?

பண்டாரவளையிலிருந்து

அக்கா, அது பழக்கக் குறை இல்லை. பெரிய ஆள் மேலே குனியும்போது “நான் சின்னவள், ஒன்றும் செய்யாதே” என்று அவள் சொல்கிற விதம் அது. எங்கள் வீட்டுக் குட்டியும் ஆறு மாதம் வரை அப்பாவிடம் அப்படித்தான் இருந்தது. அண்ணனை வந்தவுடன் அவளைக் கவனிக்காமல் இருக்கச் சொல்லுங்கள். அவர் பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டு, அவளாக வந்தபிறகு தலைக்கு மேலே கை கொண்டுபோகாமல் நெஞ்சுப் பக்கம் தடவட்டும். சத்தம் போட்டால் கூடும், குறையாது.

கந்தப்பளையிலிருந்து

லீக்ஸ் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். எங்கள் பக்கம் பாத்தி பாத்தியாக லீக்ஸ்தான், வீட்டிலும் கிழமையில் நாலு நாள் அதே கறி. மிஞ்சிய லீக்ஸும் உருளைக்கிழங்கும் கலந்த கறியைச் சோற்றில் பிசைந்து குட்டிக்கு வைத்தோம், ஒரு நாள் இல்லை, தொடர்ந்து. மகள்தான் கவனித்தாள்: குட்டி ஒன்றுக்குப் போனது பிளேன்டி (பால் போடாத தேத்தண்ணி) நிறத்தில் இருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெள்ளைத்தாள் மாதிரி. வெங்காயம், வெள்ளைப்பூடு, லீக்ஸ் எல்லாம் ஒரே குடும்பம், நாயின் இரத்தத்தில் இருக்கிற சிவப்பணுவை உடைத்துவிடும் என்று அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் சொன்னார்கள். வேகவைத்தாலும் அது போகாது. தின்ற அன்றே தெரியவும் தெரியாது, சில நாள் கழித்துத்தான் காட்டும். எங்கள் குட்டி பிழைத்துக்கொண்டது. ஒரு மாதம் ஓடவே இல்லை, படியேறினாலே மூச்சு வாங்கியது.

மனிதர் கறியே வேண்டாம் என்பதுதான் இப்போது எங்கள் வீட்டு முடிவு. குட்டிக்குத் தாளிக்காமல், வெங்காயம் போடாமல், சோறு வடிக்கும்போதே ஒரு கரட்டை அதிலேயே போட்டு வேகவைத்து எடுத்துவிடுகிறோம்.

நோர்வூட்டிலிருந்து

பேசினுக்கு மண் போட்டது நல்லது. நாங்கள் அடுப்புச் சாம்பல் போட்டோம், மணம் வராது என்று. விறகுச் சாம்பல் ஈரமானால் காரம் ஏறிவிடும். குட்டியின் பாதம் சிவந்து, நக்கி நக்கி வாயோரமும் புண்ணாகிவிட்டது.

கம்பளையிலிருந்து

நான் சொல்ல வந்தது கஷ்டமான விஷயம். போன வருஷம் எங்கள் குட்டிக்கு வயிற்றால் போனது. பழக்கம் வராமல் வீட்டுக்குள் போகிறது என்று நினைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தோம். இரண்டாம் நாள் வாந்தி, சாப்பாட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை, பிறகு இரத்தமாகப் போனது. பேராதனையில் பல்கலைக்கழகத்து மிருக வைத்தியசாலைக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். பார்வோ என்ற வைரஸ் நோய் என்றார்கள். சேலைன் ஏற்றினார்கள், மூன்றாம் நாள் போய்விட்டது. முதல் நாளே கொண்டுபோயிருந்தால் ஒருவேளை இருந்திருக்கும்.

ஆகவே அக்கா, குட்டி வெளியே போகிற இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. லயத்து நாய்கள் எல்லாம் போகிற கான் ஓரம், பீலிக்கரை, கோவில் திடல் எதற்கும் இப்போதே கொண்டுபோகாதீர்கள். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். உங்கள் பாத்திக்கு வேலி இருந்தால் இன்னும் நல்லது. பார்வோவுக்குத் தடுப்பூசி ஒன்று போட்டால் போதாது, மூன்று நாலு கிழமைக்கு ஒரு தரம் 16 கிழமை வயது வரை தொடர்ந்து போட வேண்டும். விசர்நாய்க்கடித் தடுப்பூசி வேறு, அதைச் சுகாதாரப் பகுதியினர் இலவசமாகவே போடுகிறார்கள். அந்த ஊசியைப் பார்வோ ஊசி என்று நினைத்து எங்களை மாதிரி இருந்துவிடாதீர்கள்.

மஸ்கெலியா பக்கத்திலிருந்து, மூன்று கிழமைக்குப் பிறகு

எல்லோருக்கும் நன்றி. கம்பளையிலிருந்து எழுதியவருக்குத் தனியாக. அதை வாசித்த மறுநாளே பாத்தியைச் சுற்றி மூங்கில் அடித்து, பழைய உரப்பைகளைப் பிரித்துக் கட்டினோம். இரண்டாவது ஊசி போட்டாயிற்று, அடுத்ததற்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள்.

அண்ணன் இப்போது வந்தவுடன் இஸ்தோப்புப் படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றுகிறார். அவளே போய் முழங்கைக்கு அடியில் தலையை விடுகிறாள். இந்தக் கிழமையில் ஒரே ஒரு நாள்தான் நனைந்தது.

இரவு பேசினுக்கு ஒரு தரம்தான் போகிறாள், சில நாள் அதுவும் இல்லை. முந்தாநாள் பகலில் மழை கொட்டும்போது கதவைப் பிறாண்டியிருக்கிறாள். அம்மா படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு கூடவே போய்த் தகரத்துக்கு வெளியே நின்றாராம். முடித்தவுடன் முட்டை கையில் இல்லை என்று மடியிலிருந்த ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்திருக்கிறார்.

மூன்று வேளைக்கு மாற்றியிருக்கிறேன். 10 மணித் தட்டை நிறுத்தி, அந்த அளவை மற்ற மூன்றிலும் பிரித்துப் போட்டேன். அதிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் அவசரப்படுகிறாள், தின்று பத்து நிமிஷத்திலேயே வாசலுக்கு வந்து நிற்கிறாள். அந்த வேளையை 1 மணிக்குக் கொண்டுவந்து பார்க்கப்போகிறேன்.