‘டெத் ரைட்ஸ் எ ஹார்ஸ்’ (1967): பில் ரயனைக் கொல்லாமல் விட்டது நியாயமா?

பாலைவழி – கேள்வி

வணக்கம். ஜூலியோ பெட்ரோனி இயக்கி 1967இல் வெளிவந்த ‘டெத் ரைட்ஸ் எ ஹார்ஸ்’ என்ற இத்தாலிய வெஸ்டர்ன் (அமெரிக்க மேற்குப் பகுதியைக் களமாகக் கொண்ட கௌபாய்) படத்தை அண்மையில் பார்த்தேன். படம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் அதன் முடிவை மட்டும் மனம் ஏற்க மறுக்கிறது. இவ்வகைப் படங்களை நெடுங்காலமாகப் பார்த்து வருபவர்களின் கருத்தை அறியவே எழுதுகிறேன். கதையை முடிவு வரை பேச வேண்டியிருப்பதால், இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது.

மழை கொட்டும் இரவொன்றில் கொள்ளைக் கூட்டம் ஒரு பண்ணை வீட்டுக்குள் நுழைகிறது. பணத்துக்காக வந்தவர்கள் அதோடு நிற்காமல், தந்தையைக் கொன்று, தாயையும் மகளையும் சீரழித்துக் கொன்று, வீட்டுக்குத் தீ வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒளிந்திருந்து எல்லாவற்றையும் பார்த்த சிறுவன் பில் மட்டும் பிழைக்கிறான். வந்தவர்கள் யார் என்று அவனுக்குத் தெரியாது. ஒருவன் மார்பில் பச்சை குத்தியிருந்த நான்கு ஏஸ் சீட்டுகள், இன்னொருவன் முகத்துத் தழும்பு, ஒரு காது வளையம், குதிகாலில் மாட்டும் ஒரு ஸ்பர், கழுத்தில் தொங்கிய ஒரு மண்டையோட்டுப் பதக்கம் ஆகியவை மட்டும் அவன் நினைவில் அழியாமல் நிற்கின்றன.

15 ஆண்டுகளுக்குப் பிறகு, குறி தவறாமல் சுடக் கற்ற இளைஞனாக பில் (ஜான் ஃபிலிப் லா) பழிவாங்கப் புறப்படுகிறான். அதே சமயத்தில் ரயன் (லீ வான் கிளீஃப்) என்ற மூத்த கொள்ளையன் 15 ஆண்டுச் சிறைவாசம் முடிந்து வெளியே வருகிறான். அவனைக் காட்டிக்கொடுத்து உள்ளே தள்ளிய கூட்டாளிகளும் பில் தேடும் ஆட்களும் ஒருவரே. கடைசியில் ரயனின் கழுத்தில் அந்த மண்டையோட்டுப் பதக்கத்தைப் பில் பார்த்துவிடுகிறான். தான் தாமதமாக வந்து சேர்ந்ததாகவும், எரியும் வீட்டிலிருந்து அவனைத் தூக்கி வந்தவன் தானே என்றும் ரயன் சொல்கிறான். அந்தக் கூட்டத்தோடு இருவரும் சேர்ந்து போடும் இறுதிச் சண்டை முடிந்த பிறகு பில் அவனைக் கொல்லாமல் போய்விடுகிறான்.

இரண்டு மணி நேரம் ஒரு குடும்பத்தின் சாவுக்காக நம்மைக் கொதிக்க வைத்துவிட்டு, அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருவனை இவ்வாறு விட்டுவிடலாமா? கதையின் நியாயப்படி அமைந்த முடிவா இது, அல்லது லீ வான் கிளீஃப் மீது ரசிகர்களுக்கு இருந்த பிரியத்துக்காக அமைக்கப்பட்டதா?

செம்மண் – பதில்

இந்தப் படத்தைப் பலமுறை பார்த்தவன் என்ற முறையில், இம்முடிவு முதல் அரை மணி நேரத்திலிருந்தே விதைக்கப்பட்டு வளர்ந்த ஒன்று என்று உறுதியாகச் சொல்வேன்.

முதலில், சிறையிலிருந்து வெளியேறிய ரயன் தன் பகைவர்களைத் தேடிப் போகும் வழியில், எரிந்துபோன அந்தப் பண்ணையில் உள்ள கல்லறைகளுக்கு வருகிறான் என்பதைக் கவனியுங்கள். பணம் மட்டுமே குறியாக உள்ள ஒருவனுக்கு அங்கே என்ன வேலை? முதல் தடவை பார்க்கும்போது அது பில்லும் ரயனும் சந்திப்பதற்கான ஏற்பாடாக மட்டுமே தோன்றும். முடிவு தெரிந்த பிறகு பார்த்தால், தன் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றைக் காண வந்தவனின் முகமாக வான் கிளீஃபின் முகம் மாறிவிடுகிறது. அவர் வசனம் எதுவும் இல்லாமலே இதைச் செய்கிறார்.

இரண்டாவது, இந்தப் படத்தை மற்ற பழிவாங்கும் கதைகளிலிருந்து வேறுபடுத்துவது இருவரின் கணக்கும் ஒன்றையொன்று கெடுக்கும் விதம். ரயனுக்குத் தன் பழைய கூட்டாளிகள் உயிரோடு இருக்க வேண்டும்; செத்தவன் கடனைத் திருப்பித் தர முடியாது. பில்லுக்கோ அவர்கள் சாக வேண்டும். மதுக்கடை நடத்திச் செல்வனாகிவிட்ட கேவனாவிடம் (அந்தோணி டாசன்) ரயன் 15,000 டாலர் கேட்டு மிரட்டிவிட்டுக் காத்திருக்க, பணம் கைக்கு வருமுன்பே பில் அங்கே போய், நான்கு ஏஸ் பச்சையை அடையாளம் கண்டு அவனைக் கொன்றுவிடுகிறான். ஒருவர் வழியில் மற்றவர் குறுக்கே விழுந்துகொண்டே இருப்பதால்தான் இருவருக்குமிடையே உறவு வளர்கிறது. பொறுமையற்ற இளைஞனும் அவனுடைய அவசரத்தைக் கண்டு கோபமும் கவலையும் கொள்ளும் மூத்தவனுமாக, தந்தை மகன் உறவின் சாயல் அதில் வந்துவிடுகிறது. செய்யாத கொள்ளைக்காக மீண்டும் அடைக்கப்பட்ட ரயனைச் சிறையிலிருந்து பில் தப்புவிக்கிறான். எல் வியெந்தோ கிராமத்தில் வாயில் உப்பைத் திணித்து, கழுத்துவரை மண்ணில் புதைத்து வெயிலில் சாகவிடப்பட்ட பில்லை ரயன் மீட்கிறான். பதக்கம் தெரியும் நேரத்தில் இவை அனைத்தும் பில்லுக்கு முன்னால் நிற்கின்றன.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கதை வசனம் லூச்சியானோ வின்சென்சோனி. 1965இல் செர்ஜியோ லியோனே எடுத்த ‘ஃபார் எ ஃபியூ டாலர்ஸ் மோர்’ படத்தின் திரைக்கதையிலும் அவருடைய பங்கு உண்டு. அதில் தன் தங்கைக்காகப் பழிவாங்கும் கர்னல் மார்ட்டிமராக நடித்தவர் இதே வான் கிளீஃப். பழி தீர்ந்ததும் பரிசுப் பணத்தைத் தொடாமல் போகும் பாத்திரம் அது. இரண்டே ஆண்டுகளில் அதே நடிகரைப் பழிக்கு இலக்காகும் பக்கத்தில் நிறுத்தி, பணத்தைத் துரத்தும் ஆளாகவும் மாற்றியிருக்கிறார்கள். அன்றைய பார்வையாளர்களில் மார்ட்டிமரை மறந்திருக்கக் கூடியவர்கள் குறைவு. எனவே ரசிகர்களின் பிரியம் முடிவில் ஒரு பங்கு வகிக்கிறது என்பதை மறுக்கவில்லை. அந்தப் பிரியத்தையே, நாம் விரும்பும் ஒருவன் குற்றவாளியாக இருந்தால் என்ன செய்வோம் என்ற கேள்வியாகத் திருப்பியிருக்கிறார்கள் என்பதே என் வாதம்.

நெடும்பாறை – பதில்

செம்மண் அவர்கள் சொன்ன நுட்பங்களை மதிக்கிறேன். ஆயினும் முடிவை ஏற்க என்னால் இயலவில்லை.

தொடக்கக் காட்சியின் கொடுமை அக்காலத்து இத்தாலிய வெஸ்டர்ன்களிலேயே மிகக் கடுமையானவற்றுள் ஒன்று. அதில் இறக்கும் தாயும் சகோதரியும் அந்த ஒரு காட்சிக்குப் பிறகு பில்லின் கோபத்துக்கு எரிபொருளாக மட்டுமே நினைவுகூரப்படுகிறார்கள். அவர்கள் யார், எப்படி வாழ்ந்தார்கள் என்பதில் படத்துக்கு அக்கறை இல்லை. கடைசி விசாரணை என்று ஒன்று நடக்கும்போதோ, அது முழுக்க முழுக்க இரண்டு ஆண்களுக்கு நடுவே உள்ள நட்பின் விசாரணையாகிவிடுகிறது. நீ என்னைக் காப்பாற்றினாய், நான் உன்னைக் காப்பாற்றினேன், ஆகவே சரியாகிவிட்டது என்கிறார்கள். இறந்தவர்கள் சார்பில் அங்கே பேச யாரும் இல்லை. மன்னிக்கும் உரிமை பில்லுக்கு உண்டு என்றே வைத்துக்கொண்டாலும், அதை அவன் எடை போட்டுப் பார்த்ததற்கான அடையாளத்தைப் படம் எனக்குத் தரவில்லை.

அடுத்த ஆண்டே வெளிவந்த இரண்டு படங்களோடு ஒப்பிட்டால் நான் சொல்வது விளங்கும். லியோனேயின் ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்’ (1968) படத்தில் ஹார்மோனிக்கா என்று அழைக்கப்படும் நாயகன் ஏன் ஃபிராங்க் என்ற கொலைகாரனைத் துரத்துகிறான் என்பது இறுதி மோதல் வரை மறைக்கப்படுகிறது. தெரியவரும் அந்தக் கணத்தில் இறந்த அண்ணனே திரையில் நிற்கிறான், பழியும் தீர்கிறது. செர்ஜியோ கொர்புச்சியின் ‘தி கிரேட் சைலன்ஸ்’ (1968) படத்தில் நியாயம் கேட்டவன் பனியில் விழுந்து சாகிறான், கொலைகாரன் வெல்கிறான். தாங்க முடியாத முடிவுதான். ஆனால் அநீதியை அநீதி என்றே அது காட்டுகிறது. பெட்ரோனியின் படம் இந்த இரண்டு வழியிலும் போகாமல் நடுவே ஓர் இணக்கத்தைத் தேடுகிறது.

ஜான் ஃபிலிப் லாவின் நடிப்பும் இதற்கு ஒரு காரணம். அந்த வெளிர்நீலக் கண்கள் கேமராவுக்கு வாய்த்த வரம். 1968இல் ‘பார்பரெல்லா’ படத்தில் கண் தெரியாத தேவதூதனாக வரும்போது அந்த அசைவற்ற முகம் பொருத்தமாகவே இருக்கிறது. இங்கோ, உள்ளுக்குள் இரண்டாகப் பிளந்து நிற்க வேண்டிய ஒருவனின் போராட்டம் அந்த முகத்தில் எழவே இல்லை. வான் கிளீஃப் பக்கத்தில் நிற்கும் ஒவ்வொரு முறையும் இந்தக் குறை பெரிதாகத் தெரிகிறது. வயதில் இருவருக்கும் 12 ஆண்டுகளே வித்தியாசம் என்பதைப் படம் பார்க்கும்போது யாராலும் நம்ப முடியாது. அந்த அளவுக்கு ஒருவர் முகத்தில் வாழ்க்கை இருக்கிறது, மற்றவர் முகத்தில் இல்லை.

யாழ்க்கோடை – பதில்

நண்பர்கள் இருவரும் கதையைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். முடிவைப் புரிந்துகொள்ள அந்தச் சிவப்புக் காட்சிகளைப் பார்த்தாக வேண்டும் என்று கருதுகிறேன்.

பில் ஓர் அடையாளத்தைக் காணும் ஒவ்வொரு முறையும் கேமரா அவன் கண்களை நோக்கி விரைகிறது. செந்நிறத்தில் அந்த இரவின் காட்சித் துண்டுகள் திரையில் படர்கின்றன. அவற்றை வரவழைப்பது அவன் விருப்பம் அன்று. ஒரு பொருள் கண்ணில் பட்டால் அந்த இரவு தானாகவே திரும்பி வந்து அவனைப் பிடித்துக்கொள்கிறது. என்னியோ மோரிக்கோனேயின் இசையும் அதற்கு ஈடாக நிற்கிறது. தாளத்தின் மீது ஆண்குரல்கள் கூட்டமாக முழங்க, அவற்றை அறுத்துக்கொண்டு எழும் அந்தத் தலைப்பு இசையில் வெற்றி முழக்கத்தின் மகிழ்ச்சி சிறிதும் கிடையாது. 2003இல் குவென்டின் டாரன்டினோ ‘கில் பில்’ முதல் பாகத்தில் அதை எடுத்தாண்டதால்தான் இன்றைய தலைமுறையில் பலருக்கு இந்தப் படத்தின் பெயரே தெரிய வந்தது.

இனி முடிவுக்கு வருகிறேன். மண்டையோட்டுப் பதக்கம் மற்ற அடையாளங்களைப் போன்றதன்று. பச்சையும் தழும்பும் வளையமும் கொலை செய்தவர்களின் மேல் இருந்தவை. பதக்கமோ, தீயிலிருந்து சிறுவனை இழுத்து வெளியே கொண்டுவந்தவனின் கழுத்தில் தொங்கியது. தொடக்கத்திலேயே அதை நாம் பார்த்துவிடுகிறோம். ஆகவே ரயன் சொல்வது தன்னைக் காத்துக்கொள்ளச் சொல்லும் வெறும் வாய்வார்த்தை என்று கொள்ள வழியில்லை. பில்லின் சொந்த நினைவே அதற்குச் சாட்சி. 15 ஆண்டுகளாக எல்லா அடையாளங்களையும் ஒரே பகைப் பட்டியலில் எழுதி வைத்திருந்தவனுக்கு, அவற்றுள் ஒன்று தன் உயிரைக் காத்த கை என்று தெரிய வருவதுதான் இந்தப் படத்தின் உண்மையான அதிர்ச்சி.

பாலைவழி – மறுமொழி

மூவருக்கும் நன்றி. பதக்கத்தைப் பற்றி யாழ்க்கோடை சொன்னதைப் படித்த பிறகு தொடக்கக் காட்சியை மீண்டும் பார்த்தேன். அவர் சொன்னபடியே இருக்கிறது. எனினும் நெடும்பாறை எழுப்பிய கேள்வி இன்னும் என்னிடம் நிற்கிறது. காப்பாற்றியவன் என்பதாலேயே, அந்தக் கொள்ளையைச் சேர்ந்து திட்டமிட்ட கூட்டத்தில் ஒருவன் என்பது அழிந்துவிடுமா?

செம்மண் – மறுமொழி

அழியாது. ஆனால் படம் மற்றவர்களை என்ன நிலையில் வைத்திருக்கிறது என்று பாருங்கள். கேவனா மதுக்கடை முதலாளி. லூயிஜி பிஸ்டில்லி நடித்த வால்காட் வங்கி நடத்துகிறான், அரசியல் பெரிய மனிதர்களோடு கைகுலுக்குகிறான். அவனை நம்பி ஒப்படைக்கப்பட்ட பெரும் தொகையைத் தானே கொள்ளையடித்துவிட்டு, பழியை ரயன் மேல் போடுகிறான். அந்த இரவின் இலாபத்தில் கனவான்களானவர்கள் இவர்கள். கூட்டத்திலேயே கல் உடைத்துத் தண்டனை அனுபவித்தவன் ரயன் ஒருவன்தான். பெட்ரோனியின் கோபம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. பின்னர் அவர் மெக்சிகோ புரட்சியை வைத்து ‘தெபெப்பா’ எடுத்தபோது அந்தக் கோபம் இன்னும் வெளிப்படையாகவே தெரிந்தது.

கடைசிக் காட்சியில் ரயன் கெஞ்சவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். சண்டை முடிந்ததும் கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டவன், முடிந்ததும் பில்லுக்கு முதுகைக் காட்டி நடக்கிறான். சுட விரும்பினால் சுடலாம் என்று தீர்ப்பை முழுமையாகப் பில்லின் கையில் கொடுத்துவிடுகிறான். மற்ற எவனும் பில்லுக்கு அந்த மரியாதையைத் தரவில்லை.

நெடும்பாறை – மறுமொழி

முதுகைக் காட்டி நடக்கும் அந்தக் காட்சி அருமையான காட்சி என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ரயன் சிறை சென்றது கூட்டாளிகளின் துரோகத்தால். பண்ணை வீட்டில் நடந்ததற்காக அவன் ஒரு நாள்கூடச் சிறையில் இருக்கவில்லை. ஒரு குற்றத்துக்கான தண்டனையை இன்னொரு குற்றத்தின் கணக்கில் வரவு வைக்க நான் உடன்பட மாட்டேன். வெளியே வந்த பிறகும் அவன் கேட்டது தன் 15 ஆண்டுகளுக்கான விலையைத்தான். அந்தக் கல்லறைகளுக்கு முன்னால் நின்றவன், அங்கேயே அந்த இளைஞனிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், பதக்கம் தற்செயலாகக் கண்ணில் படும்வரை மறைத்தான் என்பதை மட்டும் நண்பர் செம்மண் எனக்கு விளக்கினால், முடிவைப் பற்றி மறுபடி யோசிக்கிறேன்.

செம்மண் – மறுமொழி

அந்த மௌனத்துக்கு என்னிடம் நியாயம் இல்லை. கோழைத்தனம் என்றுதான் நானும் கொள்கிறேன். குற்றமே இல்லாதவனாக ரயன் இருந்திருந்தால், பில் அவனைச் சுடாமல் போனதில் பேசுவதற்கு எதுவுமே இருந்திருக்காது.