அப்பாவின் வலது கை: எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில்

மாமா: அக்கா, மேலே அனுப்பிய வீடியோவைப் பாருங்கள். பக்கவாதம் வந்தவருக்குத் தலையில் காந்தம் வைக்கிறார்கள். ஆபரேஷன் இல்லை, மயக்க மருந்து இல்லை. அத்தானுக்குச் செய்யலாமே? இங்கே ஒரு இடத்தில் பேக்கேஜாகத் தருகிறார்கள். கை நிச்சயம் வந்துவிடும் என்கிறார்கள்.

அம்மா: தலையில் கரண்ட் வைப்பதா? வேண்டாம்டா.

நான்: ஷாக் இல்லை அம்மா. டி.எம்.எஸ். என்று பெயர். கம்பிச் சுருளைத் தலைமேல் வைத்து, இமைப்பொழுது காந்தப்புலம் உண்டாக்குவார்கள். அது மண்டையோட்டைக் கடந்து மூளையின் மேற்பரப்பில் சின்ன மின்னோட்டத்தைக் கிளப்பும். கையை ஆட்டுவிக்கும் இடத்துக்கு நேராக வைத்தால் விரல் தானாகத் துடிக்கும். 1985இல் இங்கிலாந்தில், ஷெஃபீல்டில், ஆண்டனி பார்க்கர் குழு முதலில் செய்து காட்டியது.

சித்தி: அத்தானுக்கு இடது மூளையில்தானே அடைப்பு. அங்கேதான் வைப்பார்களா?

நான்: பெரும்பாலும் எதிர்ப்பக்கம் சித்தி. மூளையின் இரண்டு பாதியும் ஒன்றையொன்று அடக்கிக்கொண்டே இருக்கும். ஒன்று அடிபட்டால் மற்றது அதை இன்னும் அமுக்கிவிடுகிறது என்பது கணக்கு. அதனால் நல்ல பக்கத்தில் நொடிக்கு ஒரு துடிப்பாகக் கொடுத்து அதைக் கொஞ்சம் அடக்குவார்கள். அடிபட்ட பக்கத்தில் வேகமாகக் கொடுத்துத் தூண்டுவதும் உண்டு.

மாமா: அப்போ பலன் இருக்கிறதே!

நான்: மாமா, "நிச்சயம்" என்று சொல்லும் இடத்துக்குப் போகவே வேண்டாம். 2018இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 199 பேர். பக்கவாதம் வந்து 3 முதல் 12 மாதம் ஆனவர்கள். சிலருக்கு உண்மையான காந்தம், சிலருக்குப் போலி. கைப்பயிற்சி மட்டும் எல்லோருக்கும், 6 வாரத்தில் 18 முறை. காந்தம் வைத்தவர்களில் 67 சதவீதம் பேருக்குக் கை நன்றாகத் தேறியது. போலி வைத்தவர்களில் 65.

சித்தி: அட, ரெண்டும் ஒன்றுதானே!

நான்: ஆமாம். அவர்களுக்குப் பொதுவாக இருந்தது பயிற்சி. அதற்காகக் காந்தம் பொய் என்று சொல்ல மாட்டேன். பக்கவாதம் வந்த முதல் சில மாதங்களில் கைக்கு இது உதவும் என்று 2020இல் ஒரு நிபுணர் குழு உயர்ந்த மதிப்பே கொடுத்தது. ஆனால் பயிற்சி இல்லாமல் காந்தத்தை மட்டும் வைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினால் அது வீண் செலவு.

அம்மா: அவர் எங்கே பயிற்சி செய்கிறார்? தண்ணீர் குடிப்பதிலிருந்து எல்லாம் இடது கைதான். சொன்னால் கோபம் வருகிறது.

நான்: அதுதான் ஆபத்து அம்மா. பயன்படுத்தாத கையை மூளை கைவிட்டுவிடும். நல்ல கைக்கு உறை மாட்டி, வராத கையால் வேலை செய்ய வைக்கும் முறை ஒன்று உண்டு. 2006இல் 222 பேரிடம் பார்த்து, பலன் ஒரு வருடம் கழித்தும் நின்றது என்று கண்டார்கள். அப்பாவுக்கு மணிக்கட்டும் விரலும் கொஞ்சம் நிமிர்கின்றன, அதனால் முயலலாம். நல்ல கை அசைவதை முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்து, வராத கையே அசைவதாக மூளையை நம்பவைக்கும் கண்ணாடிப் பயிற்சியும் உண்டு. நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களுக்கு அந்த இல்லாத கையில் தோன்றும் வலிக்காகக் கொண்டுவந்தது. பிறகு பக்கவாதத்துக்கும் வந்தது.

மாமா: சரி பாப்பா, காந்தம் வேண்டாம் என்கிறாயா?

நான்: நரம்பு டாக்டர் ஸ்கேனைப் பார்த்துச் சொல்லட்டும் மாமா. தலைக்குள் உலோகக் கிளிப், நெஞ்சில் பேஸ்மேக்கர், முன்பு வலிப்பு, இவை இருக்கின்றனவா என்று முதலில் கேட்க வேண்டும். உங்கள் பேக்கேஜ்காரர் கேட்டாரா?

மாமா: இல்லையே. அட்வான்ஸ் எவ்வளவு என்று மட்டும் சொன்னார்.

அம்மா: ஆஸ்பத்திரியில் முதல் ராத்திரி அவருக்குக் கை கால் வெட்டி வெட்டி இழுத்ததே, அது வலிப்பா?

நான்: இருக்கலாம் அம்மா. டிஸ்சார்ஜ் சம்மரியின் எல்லாப் பக்கத்தையும் இப்போதே போட்டோ எடுத்து அனுப்பு. மாமா, அட்வான்ஸ் கட்டிவிடாதீர்கள்.

மாமா: கட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை சீட்டுக்கட்டோடு வருகிறேன். வலது கையால் போட்டால்தான் ஆட்டம் என்று அத்தானிடம் சொல்லிவிடுங்கள் அக்கா.